மாயக் கதையும் மணல் விளையாட்டும்

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் நிலத்துக்கும் இடையே பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உள்ளது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டைச் சார்ந்தது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல் தன் உப்புநீரை உள்ளே அனுப்பும். பரப்பில் பெரிதாயினும் ஆழத்தில் சிறிது. பல இடங்களில் ஆள் நடந்தே செல்லலாம். ஏரியையும் கடலையும் பிரித்து நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. கரையோரக் குப்பங்களில் ஒரு வீட்டில் தமிழும், சில கல் தொலைவு வடக்கே சென்றால் தெலுங்கும் ஒலிக்கும். வலையும் மீனும் இருவர்க்கும் பொது.

மழைக்காலத்தின் இறுதியில் இவ்வேரிக்கு விருந்தாக வருவது பூநாரை. நெடிய கால், நெடிய கழுத்து, வெண்மையில் இளஞ்சிவப்புத் தோய்ந்த சிறகு, வளைந்த மூக்கு. தலையைக் கவிழ்த்து மூக்கை நீரில் அளைந்து, சேற்றை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே அதன் சிறகுக்குச் செம்மையைத் தருகின்றது. ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக அவை நிற்பதைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு, நீரின்மேல் ஒரு பூந்தோட்டம் மலர்ந்தது போலத் தோன்றும்.

இப்பறவை உலகப் புகழ்பெற்ற ஒரு குழந்தைக் கதையிலும் இடம்பெற்றிருப்பதைப் பலர் அறிவர். ஆங்கிலப் புலவர் லூயி கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிசின் கதையில் ஒரு பந்தாட்டம் வருகின்றது. மட்டையால் பந்தை அடித்து வளைவுகளின் ஊடே செலுத்துவது அவ்வாட்டம். அங்கே மட்டைக்குப் பதில் உயிருள்ள பூநாரை. பந்துக்குப் பதில் உயிருள்ள முள்ளெலி. வளைவுகளுக்குப் பதில் குனிந்து நிற்கும் சேவகர். ஆலிஸ் பூநாரையை அக்குளில் இடுக்கி அடிக்க ஓங்கும்போது அது கழுத்தைத் திருப்பி அவள் முகத்தையே வியப்புடன் நோக்குகின்றது. அடிக்கும் முன்னரே முள்ளெலி ஓடிவிடுகின்றது. சேவகரோ எழுந்து வேறிடம் போய்விடுகின்றனர்.

பழவேற்காட்டுப் பிள்ளை ஒருவனுக்கு இதனைச் சொன்னால், அவன் முதலில் நகைப்பது பூநாரையைப் பிடித்ததாகச் சொல்லும் இடத்திலேதான். ஆள் அரவம் கேட்டாலே நெடுந்தொலைவில் எழுந்து பறந்துவிடும் பறவையைக் கையில் பிடித்தாளாம்! ஆனால் அவன் நகை அடங்கியபின் சிந்திக்கத்தக்கது வேறொன்று. அவ்வாட்டத்தில் பெருங்குறை, மட்டை பறவையாக இருந்ததன்று, முறை இல்லாமையே. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகின்றனர். தன் முறை வரட்டும் என்று காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. அரசியோ நொடிக்கொரு தலையை வெட்டச் சொல்லிக் கூவுகின்றாள். விளையாட்டில் முறை கெட்டால் அச்சம் பிறக்கும் என்பதைக் கரோல் சொல்லாமல் சொல்லிவிட்டார். இதன் பொருளைக் குப்பத்துப் பிள்ளை நூலைப் படியாமலே அறிவான். எவ்வாறெனின், அவன் வீட்டுச் சோறே முறையால் வருவது.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. அங்கே கம்பு நட்டு வலை கட்டிப் பிடிக்கும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார்க்கு வழிவழியாக உள்ளது. நல்ல இடத்தை வலியவன் என்றும் தனக்கே வைத்துக்கொள்ளுதல் ஆகாது. ஆதலின் ஊர் கூடிச் சீட்டெடுத்து, இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என்று வகுத்துக்கொள்வர். இன்று நல்ல ஓட்டம் பெற்றவன் மறுமுறை வேறிடத்துக்குப் போவான். இம்முறையில் இடம்பெறாத ஏனை ஊர் மீனவர், 'எமக்கு ஏன் பங்கில்லை?' என்று கேட்டதும், அதனால் பூசல் விளைந்ததும் உண்டு. அக்கேள்வி தள்ளத்தக்கதன்று. முறை என்பது உள்ளே இருப்பார்க்கு நீதியாகவும், வெளியே நிற்பார்க்கு வேலியாகவும் தோன்றும்.

குடத்தில் போட்ட சீட்டைக் கண்ணை மூடி எடுப்பது தந்தையர் தொழில். அதனையே விளையாட்டாகச் செய்வர் பிள்ளைகள். தாயக்கட்டையை உருட்டிப் பரமபதத்தில் ஏணி ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்வதும், மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வளைத்துக் கட்டும் ஆடுபுலி ஆட்டமும், மணலில் குழி பறித்துச் சோழியால் ஆடும் பல்லாங்குழியும் இவ்வினத்தனவே. புலி வலியது, ஆயினும் ஆடுகளின் முறை வரும்போது அது சும்மா இருத்தல் வேண்டும். ஆடுகள் வெல்வது அந்த ஒரு விதியின் வலியால்தான்.

மாயக் கதைகளை வெறுப்பார் இந்நாளிலும் உளர். அரக்கனும் பூதமும் பேசும் கிளியும் பிள்ளைகளின் அறிவை மழுக்கும் என்பது அவர் கருத்து. பொய்யைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மெய்யை எங்ஙனம் அறியும் என்று வினவுவர். இவர்க்கு விடை தமிழின் மிகப் பழைய இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் உரைநடையை நால்வகையாகப் பிரித்து, உலகில் நிகழாத பொருளைப் புனைந்து கூறும் கட்டுரைக்கும் அவற்றுள் ஓர் இடம் தந்தார். அதற்கு விளக்கம் கூறவந்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஒரு செயல் செய்தன என்பது போன்ற கதையையே காட்டினார். பெரும்புலவர் இருவரும் இத்தகைய கதையைப் பழிக்கவில்லை, வகைப்படுத்தினர். விடுகதையாகிய பிசிக்கும் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்துள்ளார். பாட்டியின் மடியிலிருந்து பிறப்பவற்றை இலக்கண நூலில் ஏற்றி வைத்த மொழி, அவற்றைப் பொய்யென்று தள்ளுமாறு இல்லை.

நெய்தல் நிலத்து மகளிர் மணலில் சிற்றில் இழைத்ததையும், வண்டலால் பாவை செய்ததையும், நண்டின்பின் ஓடி அலவனாட்டியதையும் சங்கச் சான்றோர் பாடியுள்ளனர். அவ்வாடல்கள் இக்கரையில் இன்னும் முற்றாக மறையவில்லை. மாலைப்போதில் படகுகள் கரையேறிய மணலில் நண்டுக்குப் பின்னே ஓடும் சிறுவரைக் காணலாம். நண்டு வளைக்குள் புகுந்ததும் அவர் ஓட்டம் நிற்கும். அடுத்த வளைக்குப் போவர்.

மணல் விளையாட்டுகளுள் ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் என்பது அதன் பெயர். ஈரமணலை ஒரு முழ நீளத்துக்கு வரப்புப் போலக் குவிப்பர். இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவன் சிறு துரும்பு ஒன்றை விரலிடுக்கில் வைத்து, வரப்பினுள் கையைச் செலுத்தி, பாட்டுப் பாடிக்கொண்டே முன்னும் பின்னும் துழாவி, எங்கோ ஓரிடத்தில் அதனை விட்டுக் கையை எடுப்பான். மற்றவன் இரு கைகளையும் கோத்து, துரும்பு இருக்கும் என்று தான் கருதும் இடத்தின்மேல் வைத்து மூடுவான். கைகளுக்குள் துரும்பு அகப்பட்டால் வெற்றி. அகப்படாவிட்டால் தண்டனை வேடிக்கையானது. தோற்றவனின் இரு கைகளிலும் மணலை அள்ளிவைத்து, அதன்மேல் அத்துரும்பை நட்டு, அவன் கண்களைப் பொத்திச் சுற்றுவழியில் நெடுந்தொலை நடத்திச் செல்வர். எங்கேனும் ஓரிடத்தில் மணலைக் கொட்டச் செய்து, வேறு வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து கண்ணைத் திறந்துவிடுவர். கொட்டிய இடத்தை அவன் தானே கண்டுபிடித்தல் வேண்டும்.

எளிய ஆட்டமே. ஆயினும் உலகத்து மாயக் கதைகளுள் மிகப் பழைய கருத்தொன்று இதனுள் அடங்கியிருக்கின்றது. இன்றியமையாத சிறு பொருள் ஒன்று மறைந்து கிடக்கின்றது. அதனை மறைத்தவன் ஒருவன். அறியாத வழியில் அலைந்து அதனைத் தேடுபவன் ஒருவன். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகையில், ஒரு கூட்டில், ஒரு கிளியில் அரக்கன் தன் உயிரை வைத்திருந்தான் என்று தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொல்லும் கதை அதுவன்றோ? அரக்கனை வாளால் வெட்டினும் சாகான். அம்பால் எய்யினும் வீழான். கிளியின் கழுத்தைத் திருகினால் மலைபோன்ற உடல் மண்ணில் சாயும்.

இக்கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உருசிய நாட்டில் கொஷ்சேய் என்னும் கொடியவனின் உயிர் ஓர் ஊசியின் முனையில் உள்ளது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். மேரி பிரியர் என்னும் ஆங்கில மங்கை தொகுத்து 1868இல் வெளியான தக்காணத்துக் கதைகளில், மந்திரவாதி ஒருவனின் உயிர் காட்டின் நடுவே நீர்க்குடங்களுக்கு அடியில் வைத்த கூண்டுக்கிளியில் இருக்கின்றது. கிளியின் இறகைப் பிடுங்கினால் அவன் கை அறும். அக்கதைகளை அம்மங்கைக்குச் சொன்னவர் அவ்வீட்டில் ஆயாவாக இருந்த அன்னா லிபரேட்டா டி சூசா என்பார். வெள்ளையர் வீட்டில் பிள்ளை வளர்க்கும் பணிப்பெண்ணுக்கு ஆயா என்று பெயர். பழவேற்காட்டுப் பக்கத்திலோ பாட்டியையே ஆயா என்று அழைப்பர். கதை எந்த ஆயாவிடமிருந்து வந்தாலும் கிளி ஒன்றுதான். ஜேம்ஸ் பிரேசர் என்னும் அறிஞர் 1890இல் வெளியிட்ட தம் 'பொற்கிளை' நூலில், உடலுக்குப் புறத்தே வைக்கப்பட்ட உயிரைப் பற்றி நாடுகள் பலவற்றின் கதைகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்தார். இக்காலப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் கதையிலும் தீய மந்திரவாதி தன் உயிரைக் கூறுபடுத்திப் பல பொருள்களில் ஒளித்துவைக்கின்றான். உலகெங்கும் விற்ற நூல் அது. அதன் ஆணிவேர் பாட்டி கதையில் ஊன்றியிருப்பதைப் பாட்டிகள் அறியார். அறிந்தால் வியக்கவும் மாட்டார்.

கிளியை ஏன் தேர்ந்தனர்? வலிமை மிக்கவன் தன் உயிரை வலிமை மிக்க பொருளில் வைத்தால் கதை இல்லை. கையடக்கமான மெல்லிய பறவையில் வைத்தபோதுதான், அவ்வளவு பெரிய உடல் இவ்வளவு சிறியதொன்றை நம்பி நிற்பது விளங்குகின்றது. அக்கிளியே குறியீடு. அகராதியில் பொருள் தேடி அறிவதன்று அது. வாழ்க்கையில் அதற்கு ஒப்பானதைக் காணும் நாளில் தானே விளங்கும்.

குப்பத்தில் ஒரு மாலை. கிழிந்த வலையைப் பொத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி தன் பேரனுக்கு அக்கிளிக் கதையைச் சொல்லி முடித்தாள். சிறுவன் சற்று நேரம் ஏரியை நோக்கியிருந்தான்.

"ஆயா, அரக்கனுக்குக் கிளியிலே உயிர். இந்த ஏரிக்கு உயிர் எங்கே?"

ஆயா வலையினின்று கண்ணை எடுக்காமலே கிழக்கே கைகாட்டினாள். "அதோ, முகத்துவாரத்திலே."

"அதை யாராவது பிடித்துக்கொண்டார்களா?"

"மணல் பிடித்துக்கொண்டது கண்ணு. உன் அப்பன் சும்மா உட்கார்ந்திருப்பது அதனால்தான்."

அவள் சொன்னது கதையன்று. இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, அமைதியான நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். அலை கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடின் குஞ்சுகள் உள்ளே வாரா. நீரோட்டம் நின்றால் பாடு பெற்றும் பயனில்லை. கோடையில் உள்ளிருக்கும் நீர் வற்றி உப்பு மிகும். மழையில் நன்னீர் தேங்கி உப்புக் குறையும். இரண்டும் மீனுக்குத் தீது. படகுகள் ஏரியிலிருந்து கடலுக்குப் போகவும் வழி இராது. அந்நாட்களில் ஆடவர் கூலி தேடி வெளியூர் செல்வதும் உண்டு. நூற்றுக்கணக்கான சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய ஏரி, ஒரு மணல்வாயின் அகலத்தை நம்பியிருக்கின்றது. அவ்வாயைத் தூர்வாரித் திறந்துவைக்கும்படி மீனவர் பல ஆண்டுகளாக வேண்டி வந்துள்ளனர். ஒருமுறை திறந்தால் மறுமுறை மணல் மூடுவதும் வழக்கமாயிற்று.

பழவேற்காட்டில் அச்சக் கதைகளுக்கும் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கே டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். அவர்தம் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியுள்ளனர். மாந்தர் யாவரும் இறப்பர் என்று நினைவூட்ட அமைத்த அவ்வுருவங்களைப் பிள்ளைகள் பேயாகவே கொண்டனர். அந்தி சாய்ந்தபின் அப்பக்கம் போகாதிருப்பதற்கு வேறு காவலர் வேண்டா.

இத்தகைய வாய்மொழிக் கதைகள் அச்சேறி இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே கிடைத்த காலம் ஒன்றிருந்தது. 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் ஒரு திங்களிதழைத் தொடங்கினர். தெலுங்கில் அது சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பின்னர்ப் பிற இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. ஏரியின் வடகரைச் சிறுவன் தெலுங்கிலும் தென்கரைச் சிறுவன் தமிழிலும் ஒரே கதையைப் படித்து, ஒரே படத்தைப் பார்த்தான் எனலாம். அவ்விதழில் விக்கிரமாதித்தன் வாளேந்தி, வேதாளம் குடிகொண்ட பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் படத்தை மறந்தவர் இலர். அதனை வரைந்தவர் 1952இல் அவ்விதழில் சேர்ந்த சங்கர் என்னும் ஓவியர். 2020இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

வேதாளக் கதையும் ஒரு விளையாட்டே. அரசன் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னாலும் தோல்வி, சொல்லாவிட்டாலும் கேடு! இவ்விதியை அமைத்தவன் மதியே மதி. பழைய நூலில் இக்கதைகள் இருபத்தைந்து. காசுமீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தம் கதாசரித்சாகரத்தில் அவற்றைச் சேர்த்தார். அம்புலிமாமாவோ அச்சட்டத்துக்குள் புதுப்புதுக் கதைகளை இட்டுப் பல்லாண்டுகள் நடத்தியது. மற்றக் கதைகள் முடிவைச் சொல்லி நிறுத்த, இது வினவி நிறுத்திற்று. யார் செய்தது தியாகம், யார் செய்தது நீதி என்று பிள்ளைகள் தமக்குள் வாதாடினர். அவ்விதழ் 2013ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்கு நேர்ந்த இழப்புகளுள் அதனைச் சிறியதென்று கூறல் இயலாது. திரையில் ஓடும் படங்கள் விடையையும் உடனே தந்துவிடுகின்றன.

அம்புலி என்னும் பெயருக்கும் ஒரு மரபு உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஏழாவது அம்புலிப் பருவம். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைப்பது அது. முதலில் இன்சொல்லாலும், பின்னர் வேற்றுமை காட்டியும், கொடை கூறியும், இறுதியில் அச்சுறுத்தியும் அழைப்பர். பாடுதற்கு அரிது; ஆதலின் புலவர் அதனைப் 'புலி' என்றே கூறுவர். நிலவு வந்ததாக எந்தப் புலவரும் பாடியதில்லை.

நிலவு வரவில்லை, ஏரியின் அக்கரையிலிருந்து நிலவுக்குப் போகத் தொடங்கினர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971ஆம் ஆண்டு முதல் ஏவுகணைகள் எழுகின்றன. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 22இல் முதல் சந்திரயானும், 2023ஆம் ஆண்டு சூலை 14இல் மூன்றாம் சந்திரயானும் அங்கிருந்தே புறப்பட்டன. ஏவும் நாளில் அப்பகுதிக் கடலுக்குள் செல்லலாகாது என்று மீனவர்க்கு அறிவிப்பு வரும். தொழில் ஒருநாள் நிற்கும். பிள்ளைகள் கரையில் திரண்டு, வானில் எழும் நெருப்பையும் அதன்பின் நீளும் வெண்புகையையும் அண்ணாந்து பார்ப்பர். பறக்கும் கம்பளத்தைக் கதையில் கேட்ட செவிக்கு, இவ்வோசை சற்றுப் பின்தங்கியே வந்து சேரும்.

மூன்றாம் சந்திரயான் நிலவில் இறங்கியது ஆகஸ்டு 23ஆம் நாள். அதன் பின்னர் வந்த ஒரு நிலா இரவில், அதே ஆயா இடுப்பில் கைக்குழந்தையை வைத்துச் சோறூட்டிக்கொண்டு, அம்புலியை வாவென்று அழைத்துக்கொண்டிருந்தாள். பேரன் குறுக்கிட்டான்.

"அது வராது ஆயா. நம் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அங்கே போய் இறங்கிவிட்டார்களே! பள்ளிக்கூடத்தில் காட்டினார்கள்."

"போனவர்கள் பார்த்துவரட்டும். நான் கூப்பிட்டால்தான் இவள் வாய் திறக்கிறாள்" என்றாள் ஆயா, அடுத்த கவளத்தை உருட்டியபடி.

குழந்தை வாயைத் திறந்தது. சிறுவன் சிறிது நேரம் நிலவையே பார்த்தான். முகத்துவாரம் திறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் அவன் தந்தையின் பாடு. விடியுமுன் படகு புறப்படும் என்பதால் தந்தை முன்னரே உறங்கிவிட்டிருந்தான். சிறுவன் ஈரமணலைக் குவித்து ஒரு வரப்புச் செய்தான். வலையிலிருந்து உதிர்ந்த நூல்துண்டு ஒன்றை விரலிடுக்கில் வைத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினான்.

"எங்கே இருக்கிறது, சொல் ஆயா" என்றான்.

ஆயா குழந்தையை மணலில் இறக்கிவிட்டாள். எச்சில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தாள். இரு கைகளையும் கோத்து, நெடுநேரம் எண்ணிப் பார்த்து, வரப்பின்மேல் வைத்தாள்.